பீரங்கிச் சத்தத்துக்குப் பிறகு

மாண்டா கைப்பையை மேஜைமேல் வைக்கவில்லை. அறைந்தாள். என் காபி கோப்பையிலிருந்து எழும்பி, பாதி கோப்பைக்கும் பாதி என் சட்டைக்கும் போனது.

"என் புருஷனை வெளிய கொண்டு வாங்க. அப்புறம் நானே அந்த மனுஷனைக் கொன்னுக்கறேன்."

"ரெண்டும் சேர்ந்தே செய்யலாம்மா. சனிக்கிழமை நமக்குக் கூட்டம் கம்மி," என்றேன்.

நெவென்கா பிலிச் என்னைப் பார்த்த பார்வையில் மீதிக் காபியும் ஆறிப்போனது. தலைநகர் ஸாக்ரெப்பில் தனியார் துப்பறியும் அலுவலகம் நடத்தும் ஒரே பெண்மணி அவர். நான் ஜூரோ, அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவதும் கதவு தட்டுவதும் என் வேலை. வாயை மூடிக்கொண்டிருப்பதும் என் வேலைதான் என்று அவர் அடிக்கடி சொல்வார்.

"உக்காருங்க. முதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் நெவென்கா.

மாண்டா உட்காரவில்லை. நாட்டின் கிழக்குக் கோடியில் வின்கோவ்ஸி பக்கத்துக்காரி, அங்கே பள்ளிக்கூட சமையலறையில் வேலை. கணவர் இலியா டிராக்டர் மெக்கானிக். கல்யாணமாகி இருபது வருஷத்தில் தலைநகரத்தை ஒருமுறைகூட நிதானமாகச் சுற்றிப் பார்த்ததில்லை என்று, ஈஸ்டர் விடுமுறைக்கு வியாழக்கிழமை வந்து இறங்கியிருக்கிறார்கள்.

"ஊரை நடந்தே சுத்திக் காட்டறோம், நேத்து பதினோரு மணிக்குச் சதுக்கத்துல எல்லாரும் நிக்கணும்னாங்க. நின்னோம். வழிகாட்டி யஸ்னான்னு ஒரு பொண்ணு. நல்ல பொண்ணுதான். ஆனா போனை வெக்கவே இல்ல. அரைமணி நேரம்."

"என்ன பேசினா?"

"யார்கிட்டயோ கத்திக்கிட்டிருந்தா. 'அந்தப் பொண்ணு கைப்பட எழுதிக் குடுத்துட்டா, இன்னிக்கே ஆபீஸ்ல குடுக்கப் போறேன், உன்னால ஆனதைப் பாத்துக்கோ'ன்னு. இவருக்குப் பொறுமை போச்சு. நாங்க என்ன கம்பமா, இப்படி நட்டு வெச்ச மாதிரி நிக்கறதுக்குன்னு கேட்டாரு. அவளும் ஏதோ சொன்னா. சதுக்கமே வேடிக்கை பாத்துச்சு. இவரு கோவிச்சுக்கிட்டு மேல் நகரத்துப் பக்கம் போயிட்டாரு. அவ இன்னிக்கு நடை கிடையாதுன்னு சொல்லிட்டு அவளும் கிளம்பிட்டா."

பன்னிரண்டு மணிக்கு, மேல் நகரத்துக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் யஸ்னா மண்டை உடைந்து கிடந்தாள். இன்னும் நினைவு திரும்பவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு அதே படிக்கட்டு வழியாக இலியா இறங்கி வந்திருக்கிறார். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து, பேன்ட் முழங்காலில் கிழிந்து, முகம் சுண்ணாம்பாக. கேள்வி கேட்க வேண்டிய அவசியமே போலீசுக்கு இல்லை.

"எங்க போயிருந்தீங்கன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறாரு. போலீஸ்கிட்டயும் இல்ல, எங்கிட்டயும் இல்ல. ஒரு பொம்பளைகூட இருந்தேன்னு சொன்னாக்கூடப் பரவாயில்ல, நாலு அறை வெச்சுட்டு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"கேஸ் யார்கிட்ட இருக்கு?"

"துர்க்கல்னு ஒரு இன்ஸ்பெக்டர்."

நெவென்கா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். இனிமேல் நான் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்று புரிந்தது. ஒன்பது வருஷம் அவர் துர்க்கலுக்குக் கீழே வேலை பார்த்தவர். கைதி பேசுவதற்கு முன்பே வாக்குமூலத்தை டைப் அடித்து முடித்துவிடும் மனிதர் துர்க்கல். அப்படி ஒரு காகிதத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்ன அன்றுதான் நெவென்கா அடையாள அட்டையை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

பெரிய சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின நாள். சந்தையிலிருந்து பெண்கள் பன்றித்தொடையும் சாயமுட்டையும் வைத்த கூடைகளை வெள்ளைத்துணி போட்டு மூடி, பாதிரியாரிடம் மந்திரிக்கக் கோயிலுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு கோயில் வாசலில் ஒருவர் மரக்கிலுக்கைக் கடகடவென்று சுற்றி ஜனங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாண்டா எதையும் பார்க்கவில்லை. ஊர் பார்க்க வந்தவள் நடைபாதைக் கல்லை மட்டும் முறைத்துக்கொண்டு எங்களோடு நடந்தாள்.

படிக்கட்டின் அடியில் பத்திரிகைக் கடை. கடைக்கார அம்மாள் எங்களை எதிர்பார்த்தவள் மாதிரியே பேசினாள்.

"அந்தப் பொண்ணு மேல ஏறினதைப் பாத்தேன். ரெண்டு நிமிஷத்துல பீரங்கி. திரும்பிப் பாக்கறேன், கீழ கெடக்கறா."

"அலறல் ஏதாவது கேட்டுதா?" என்றார் நெவென்கா.

"பீரங்கி போடும்போது யாருக்கு என்ன கேக்கும்? தலைக்கு மேலயே கோபுரம்."

தினமும் மதியம் பன்னிரண்டுக்கு அந்தக் கோபுரத்திலிருந்து ஒரு வெற்றுக்குண்டு போடுவார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளாக நான் கடிகாரத்தைச் சரிசெய்வது அதை வைத்துத்தான்.

"ஜூரோ, தள்ளினவனுக்குச் சத்தம் எப்ப வரும்னு நிமிஷம் தவறாமத் தெரிஞ்சிருக்கு," என்றார் நெவென்கா படியேறிக்கொண்டே.

"இலியா வந்து இறங்கினது வியாழன் சாயந்தரம், மேடம்."

"அதைத்தான் சொல்றேன்."

"உள்ளூர்க்காரன்னு வெச்சுக்கிட்டா எட்டு லட்சம் பேர் இருக்கோம். என்னையும் சேர்த்து."

"உன்னை விட்டுடலாம். பன்னெண்டு மணிக்கு நீ எந்திரிச்சே இருக்க மாட்டே."

சுற்றுலா நிறுவனத்துக்கு நான் போன் போட்டேன். யஸ்னா சொன்ன 'அந்தப் பொண்ணு' யார் என்று கண்டுபிடிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவி மோரானா மூன்று வாரத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாளாம். அவளை எப்போதும் டின்கோ என்கிற வழிகாட்டியோடுதான் அனுப்புவார்களாம்.

மோரானாவிடம் நெவென்காவே பேசினார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்குக் கேட்கவில்லை. நெவென்காவின் கழுத்து நரம்பு புடைப்பது மட்டும் தெரிந்தது.

"டின்கோ என்ன செஞ்சான்னு எல்லாத்தையும் எழுதி யஸ்னாகிட்ட குடுத்திருக்கா," என்றார் போனை வைத்துவிட்டு. "ஒரே ஒரு பிரதி. ஆஸ்பத்திரியில போய்ப் பாத்திருக்கா, யஸ்னாவோட பையில இப்ப அது இல்ல."

"அவ வயசு என்ன?" என்று கேட்டாள் மாண்டா.

"பத்தொம்பது."

மாண்டா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.

டின்கோவைப் புனித மாற்கு கோயில் வாசலில் பிடித்தோம். சிவப்புக் குடையும் வெள்ளைச் சிரிப்புமாக நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். யஸ்னாவின் பெயரைச் சொன்னதும் சிரிப்பைச் சட்டென்று மடித்து வைத்தான்.

"யஸ்னா எனக்குத் தங்கச்சி மாதிரி," என்றான். மாண்டா யார் என்று தெரிந்ததும் அவள் பக்கம் திரும்பினான். "உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லைங்க."

"எனக்கு இருக்கு," என்றாள் மாண்டா.

"நேத்து பன்னெண்டு மணிக்கு எங்க இருந்தீங்க?" என்று கேட்டார் நெவென்கா.

"இதே இடத்துலதான். இன்ஸ்பெக்டர் துர்க்கல்கிட்டயும் காட்டிட்டேன்." போனை எடுத்து நீட்டினான். "எங்க நிறுவனத்து இணையப் பக்கத்துல நேத்து பன்னெண்டே காலுக்குப் போட்டேன். தேதி பாருங்க. 'இன்றைய குழு'ன்னு தலைப்பு."

வீடியோவில் பதினைந்து வெளிநாட்டுக்காரர்கள். பின்னால் கோயிலின் வண்ண ஓட்டுக்கூரை. திடீரென்று பீரங்கி. ஒரு வெள்ளைத் தொப்பிக்காரி வீலென்று கத்துகிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள், டண்டண்டண் என்று மணியோசை பொழிய, டின்கோ கேமராவைத் தன் பக்கம் திருப்பி, "கடிகாரத்தைச் சரி பண்ணிக்குங்க, பசியையும் சரி பண்ணிக்குங்க" என்கிறான்.

"அந்தக் குழு இப்ப எங்க?"

"நேத்து சாயந்தரமே கிளம்பிட்டாங்க. நாலு நாட்டுக்காரங்க, நாலு திசை."

"வீடியோவை என் உதவியாளருக்கு அனுப்ப முடியுமா?"

"தாராளமா." அனுப்பினான்.

"மோரானா தெரியுமா?" என்றார் நெவென்கா சாதாரணமாக.

"தெரியாதுங்க." பிறகு, "ஓ, அந்தப் பயிற்சிப் பொண்ணா? கொஞ்சம் கற்பனை ஜாஸ்தி அதுக்கு."

மாண்டா ஓரடி முன்னால் வந்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து, கூட்டிப் போனேன் என்பதைவிட இழுத்துப் போனேன் என்பதே சரி.

கோபுரத்துக்கு அந்தப்பக்கம் மரநிழல் நடைபாதை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். கீழே ஊர் முழுக்கச் சிவப்புக் கூரைகள். நெவென்கா ஒரு சிகரெட்டைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அவன்தான்," என்றார். "ஆனா பீரங்கி வெடிச்சப்ப அவன் கோயில் வாசல்ல இருந்திருக்கான். அங்கிருந்து படிக்கட்டுக்கு ஓடினாலும் நாலு நிமிஷம்."

"இரட்டைப் பிறவியா இருக்குமோ மேடம்?"

"ஜூரோ."

"சரி, வாயை மூடிக்கறேன்."

சரியாக அப்போது தலைக்கு மேலே பீரங்கி வெடித்தது.

எனக்குப் பழக்கம். நெவென்காவுக்குப் பழக்கம். மாண்டா மட்டும் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். முகத்தில் இருந்த கோபமெல்லாம் வடிந்துபோய், ஒரு நிமிஷம் அவள் யாரோ மாதிரி இருந்தாள்.

"இது தினமும் போடுவாங்களா?"

"நூறு வருஷத்துக்கும் மேல," என்றேன்.

"நேத்து கீழ சதுக்கத்துல லேசாத்தான் கேட்டுது. இப்படி இடிக்கும்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "அவர்கிட்டயும் யாரும் சொல்லலையே. வருஷப் பிறப்புக்குப் பசங்க வெடி வெடிச்சா, உருளைக்கிழங்கு அழுகிடுச்சான்னு பாக்கறேன்னு சொல்லிட்டு நிலவறைக்குள்ள போயிடுவாரு. விடிஞ்சுதான் வருவாரு. இருபது வருஷமா அதே உருளைக்கிழங்கு. நானும் ஒண்ணும் கேக்கறதில்ல. யுத்தம் நடந்தப்ப அவருக்கு வயசு இருபத்தி ஒண்ணு. மூணு மாசம் எங்க ஊர்ல குண்டு நிக்கவே இல்ல."

நடைபாதை ஓரத்தில் உப்பு ரொட்டி விற்றுக்கொண்டிருந்தவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போனேன்.

"நேத்து இதே நேரத்துக்கு இங்க இருந்தீங்களா?"

"தினமும் இங்கதான். ஏன், அந்தப் பெரிய ஆளைப் பத்தியா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "வெடிச்சதும் அப்படியே கல்லுமேல பாஞ்சு விழுந்து, அந்தா, அந்தப் பெஞ்சுக்கு அடியில புகுந்துட்டாரு. தலைமேல கையை வெச்சுக்கிட்டு. எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டு பேரு போன்ல படம் எடுத்தாங்க. நான் தண்ணி கொண்டு போனேன், வாங்கிக்கல. அரைமணி நேரத்துக்கு மேல அங்கயே கெடந்தாரு."

"போலீஸ் உங்ககிட்ட வந்து கேட்டாங்களா?"

"யாரு வந்தாங்க?"

திரும்பி வந்தபோது மாண்டாவின் கண்ணில் கோபம் மறுபடி ஏறியிருந்தது. ஆனால் அது இப்போது கணவர்மேல் இல்லை. இந்த ஊர் முழுவதும் அவளுக்குக் கடன்பட்டது போலப் பார்த்தாள்.

நெவென்கா நாங்கள் பேசியதைக் கேட்டமாதிரியே தெரியவில்லை. தலையை ஒருபக்கம் சாய்த்து, அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஜூரோ, என்ன கேக்குது?"

"புறா. டிராம். என் வயிறு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல மேடம்."

"பீரங்கி போட்டு அஞ்சு நிமிஷமாச்சு. வேற ஒண்ணும் கேக்கல. அந்த வீடியோவைப் போடு."

போட்டேன். பீரங்கி, அலறல், சிரிப்பு. பிறகு டண்டண்டண்.

பிறந்ததிலிருந்து கேட்கிற ஓசை. பீரங்கிதான் கோயில் மணி அடிப்பவர்களுக்குச் சைகை. அது வெடித்ததும் ஊரில் உள்ள எல்லா மணிகளும் ஆரம்பிக்கும். அதனால்தான் எவர் காதும் அதைத் தனியாகக் கேட்பதில்லை.

"பெரிய வியாழன் பூசையில துக்கத்துக்காக மணியைக் கட்டிட்டா, ஈஸ்டர் பூசை வரைக்கும் ஒரு கோயில்லயும் அசைக்க மாட்டாங்க," என்றார் நெவென்கா. "நேத்து பெரிய வெள்ளி. மரக்கிலுக்குதான். இந்தப் படம் நேத்து எடுத்தது இல்ல. என்னைக்கோ எடுத்ததை நேத்து பன்னெண்டே காலுக்குப் போட்டிருக்கான்."

காவல் நிலையத்தில் துர்க்கல் நாற்காலியை விட்டு எழவில்லை. மாண்டாவையும் என்னையும் பார்க்காமல் நெவென்காவை மட்டும் பார்த்தார்.

"நெவென்கா, நல்லாயிருக்கியா? லேட்டா வந்திருக்கே. காலையில பத்து மணிக்கே ஒத்துக்கிட்டான். கையெழுத்தும் ஆச்சு."

மாண்டா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். சாட்சி இருக்கிறது, மணி இருக்கிறது, இந்தப் பக்கம் இலியாவே ஒப்புக்கொண்டுவிட்டார்.

"என்ன ஒத்துக்கிட்டாரு?" என்றார் நெவென்கா.

"தள்ளினேன்னு. வேணும்னா படிச்சுப் பாரு." காகிதத்தை மேஜைமேல் தள்ளிவிட்டார். ஜெயித்தவனின் தாராளம்.

நெவென்கா காகிதத்தை எடுத்தார். முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை எடுத்துக்கொண்டு நேராக வெளி அறைக்கு நடந்தார். அங்கே பணி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த நாலைந்து போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி கையில் துணி போர்த்திய ஈஸ்டர் கூடை.

"எல்லாரும் கேளுங்க," என்றார். உரக்கப் படித்தார். "'யஸ்னா என்ற பெண்ணைப் படிக்கட்டில் சந்தித்தேன். அவள் என்னை மீண்டும் இழிவாகப் பேசினாள். பீரங்கி முழங்கி, தேவாலய மணிகள் ஒலித்துக்கொண்டிருந்த வேளையில், ஆத்திரத்தில் அவளைப் பிடித்துத் தள்ளினேன்.'"

கூடை வைத்திருந்த இளம் போலீஸ்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சார், நேத்து பெரிய வெள்ளி சார்."

"அதுக்கென்ன?" என்றார் துர்க்கல், கதவருகில் வந்து.

"மணி அடிக்கலையே சார்."

அவர் முகத்தில் அது மெதுவாக இறங்குவதை நான் முழுக்கப் பார்த்தேன். இதற்காக ஒரு மாதச் சம்பளத்தை விடலாம்.

"டின்கோவோட படத்துலயும் அதே மணி அடிக்குது," என்றார் நெவென்கா. அவருடைய குரல் உயரவேயில்லை. ஒன்பது வருஷக் கோபம் அப்படித்தான் பேசுமோ என்னவோ. "ஊருக்கே கேக்காத மணி உங்களுக்கு மட்டும் எங்க கேட்டுது? அவன் காட்டின படத்தைப் பாத்துட்டு நீங்க உக்காந்து டைப் அடிச்சிருக்கீங்க. இலியா ஒரு வரிகூடச் சொல்லல. அவர் எங்க இருந்தாருன்னு சொல்ல ரொட்டிக்கார அம்மா இருக்காங்க. அரசு வழக்கறிஞரை நீங்க கூப்பிடறீங்களா, இல்ல நான் கூப்பிடட்டுமா?"

யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கூடைக்காரி கூடையைக் கீழே வைத்துவிட்டு ஏற்கெனவே போனைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

டின்கோவைக் கோயில் வாசலில், புதுக் குழுவின் நடுவிலிருந்தே அழைத்து வந்தார்கள். படத்தில் இருந்த வெள்ளைத் தொப்பிக்காரி, போன ஞாயிற்றுக்கிழமை நிறுவனத்து இணையப் பக்கத்தில் போட்ட இன்னொரு படத்திலும் அதே தொப்பியோடு நின்றிருந்தாள். அதைக் காட்டியதும் தங்கச்சி என்றவன் யஸ்னாவை வேறு வார்த்தைகளில் திட்ட ஆரம்பித்தான். திட்டும்போதே மோரானாவின் கடிதத்தைக் கிழித்துப் போட்டதையும் சொல்லிவிட்டான். சாயங்காலம் மோரானா அம்மாவோடு வந்து உட்கார்ந்து அதை மறுபடி எழுதினாள். இந்த முறை பிரதி எடுக்கச் சொன்னவள் கூடைக்காரி.

அதற்கெல்லாம் முன்னால், மதியம் இரண்டு மணிக்கு, இலியாவை வெளியே கொண்டுவந்தார்கள். கதவை அடைக்கிற உடம்பு. இரண்டு உள்ளங்கையிலும் கட்டு. மனைவியைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார்.

"செய்யாததைச் செஞ்சேன்னு ஏன் கையெழுத்துப் போட்டீங்க?" என்றாள் மாண்டா.

இலியா தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "தள்ளினேன்னா திட்டுவாங்க. பெஞ்சுக்கு அடியில அழுதுக்கிட்டுக் கெடந்தேன்னா சிரிப்பாங்க. நேத்து சிரிச்சாங்க மாண்டா. சின்னக் குழந்தைங்ககூட."

அவரை நாலு அறை அறைவதாகச் சொன்னவள், கட்டுப்போட்ட கையைத் தூக்கித் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். பிறகு துர்க்கல் பக்கம் திரும்பினாள்.

"இவரை வெளிய விட என்ன செய்யணும்?"

"விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து," என்றார் துர்க்கல், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டியபடி. "கீழ, கோடு போட்ட இடத்துல. போட்டுட்டுக் கிளம்பலாம்."

இலியா பேனாவை வாங்கவில்லை. மாண்டாவின் கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார். கட்டுப்போட்ட விரல்களால் அதை மாட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேஜை அருகே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது துர்க்கலின் நாற்காலி. காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, முதல் வரியிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

துர்க்கல் கையில் பேனாவோடு நின்றுகொண்டிருந்தார்.

"நிதானமாப் படிங்க," என்றாள் மாண்டா. "நமக்கு ஒண்ணும் அவசரமில்ல."